எட்டுச் சட்டிக்கு இரண்டு விளக்கு

திங்கள்சந்தையில் கியாஸ் லைட்டு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ரசலையனைப் பற்றி ஊரில் சொல்லப்பட்டவற்றில் பாதி பொய். மீதிப் பாதி பெரிய பொய். வட்டக்கோட்டை மதில்மேல் அவன் ஒரு லைட்டை ஏற்றி வைத்தானாம். கடலில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலில் சமையல்காரன் விடிந்துவிட்டதென்று எழுந்து எல்லாருக்கும் காலைக் காப்பி போட்டுவிட்டானாம். வில்லுக்குறியில் ஒரு சேவல் அவன் லைட்டுக்கு எதிரே நின்று கூவிக் கூவித் தொண்டை கட்டி, மறுநாளிலிருந்து வாத்துக் குரலில் பேசியதாம். ஆளூரில் ஒரு மாப்பிள்ளையின் மீசை மையால் வரைந்தது என்பது அவன் லைட்டு வெளிச்சத்தில் தெரிந்துபோய்க் கல்யாணம் நின்றதாம். இவற்றில் கடைசியாகச் சொன்னது மட்டும் நிஜம். அந்தப் பெண் பிறகு வேறொருவனைக் கட்டி எட்டுப் பிள்ளை பெற்றாள். மீசை விஷயத்தில் மட்டும் சாகும்வரை சந்தேகக்காரியாகவே இருந்தாள்.

முன்பெல்லாம் இந்தக் கதைகளை யாராவது அவிழ்த்துவிட்டால் ரசலையன் தொடையில் அடித்துச் சிரிப்பான். தன் பங்குக்கு ஒரு பொய்யைக் கூட்டியும் அனுப்புவான். கொல்லம் ஆயிரத்து நூற்றைந்தாம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் 1930, வைகாசி மாதத்தில் அவன் சிரிக்கவில்லை. கோபப்படவுமில்லை. "ம்" என்பான். அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய ஐப்பசியில் அவன் மகள் லீலாபாய் செத்துப்போனாள். பதினாறு வயது, ஒரே பிள்ளை. காய்ச்சலா, கழிச்சலா, ஒன்றுமில்லை. உடம்பில் ரத்தம் வற்றிக்கொண்டே போனது. உதடு வெளுத்தது, நகம் வெளுத்தது, கடைசியில் முகமே பழுத்து விழப்போகிற வாழையிலையின் நிறத்துக்கு வந்தது. அடக்கத்தின்போது எல்லாரும் அழுதார்கள். ரசலையன் உபதேசியாரின் குடையில் ஒரு கம்பி ஒடிந்து தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வந்து ஆறு லைட்டின் சிமினிகளையும் துடைத்து வைத்தான். மறுநாளும் துடைத்தான். அதற்குப் பிறகு அவனுக்கு வலது கை எங்கே இருக்கிறது, இடது கை எங்கே இருக்கிறது என்பது தெரிந்தது. வேறு எதுவும் தெரிந்த மாதிரி இல்லை. "சோறு வெச்சிருக்கேன்" என்பாள் மனைவி ராஜபாய். "ம்" என்பான். எட்டு மாதமாக அந்த வீட்டில் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

அப்படி இருந்தவனைத்தான் சொர்ணம்மாள் ஆளனுப்பிக் கூப்பிட்டாள்.

சொர்ணம்மாள் அவனுக்கு அக்கா முறை. இரண்டு பேருடைய தாத்தாக்களும் கூடப்பிறந்தவர்கள். ஒருவர் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானார், மற்றவர் சேரவில்லை. நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரித்தார்கள், சாமியையும் பிரித்தார்கள். நடுவில் நின்ற பலாமரத்தைப் பிரிக்க வழியில்லாமல் அதை மட்டும் இரண்டு வீட்டாரும் சேர்ந்தே தின்றுகொண்டிருந்தார்கள்.

அவளுடைய மகன் பகவதியப்பன் ரங்கூனுக்குப் போய் மூன்று வருஷம். ஒரு வருஷமாகக் கடிதம் இல்லை. அவள் முத்தாரம்மனிடம் நேர்ந்துகொண்டாள்: வைகாசிக் கொடைத் திருவிழாவுக்கு ஒன்பது சட்டி முளைப்பாரி எடுக்கிறேன், என் பிள்ளையைக் கொண்டுவந்து விடு. பயறை ஊறவைத்து, சாணமும் மண்ணும் போட்ட சட்டிகளில் விதைத்து, விரதமிருந்து மூன்று நாளாக வளர்த்தாள். மூன்றாம் நாள் எடவப்பாதிப் பருவமழை முந்திக்கொண்டு வந்து அவளுடைய முளை அறையின் மண்சுவரைத் தள்ளிவிட்டது. சுவர் சட்டிகளை விட்டுவிட்டு அவள் காலைப் பிடித்தது. கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கிக் கிடந்தாள்.

ஊர்ப் பெண்களின் முளையெல்லாம் அன்னக்கிளி வீட்டு அறையில் வளர்ந்தது. அங்கே கொண்டு வைக்கலாம்தான். ஆனால் அன்னக்கிளிக்கும் சொர்ணம்மாளுக்கும் ஒரு கோழியின் பேரில் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.

"மக்கா, உனக்க லைட்டு அறைக்கு சன்னலு கெடையாதுல்லா?" என்றாள் சொர்ணம்மாள்.

"இல்லக்கா."

"அப்பம் இந்த ஒம்பதையும் கொண்டு அங்க வெச்சுப் பூட்டிரு. ஒரு கண்ணு படப்பிடாது, கேட்டியா? அன்னக்கிளி கண்ணு பட்டுதோ, பாறாங்கல்லும் வாடிரும். தெவசம் ஒரு நேரம் வெள்ளம் தெளிச்சா போரும். செவ்வாக்கெழமை காலத்த நான் இழுத்துப் புடிச்சு வந்து எடுத்துக்கிடுவேன். மேலுகாலு கழுவிட்டுத்தான் உள்ள போணும். மீனு தின்னுட்டுப் போவாத."

"ம்."

"வேதக்காரன் கையில வளந்துதுன்னு கோயில்ல தெரிஞ்சா என்னையத் தள்ளி வெப்பானுவ. வாயத் தொறந்திராத."

"ம்."

"உனக்கு அதச் சொல்லாண்டாம். வாயத் தொறக்காத ஆளுன்னுதான் உன்னத் தேடுனேன்."

ஈரச் சாக்கால் மூடி, இரண்டு நடையில் ஒன்பது சட்டிகளையும் அவனே சுமந்துபோய் அறையில் வைத்தான்.

முளைப்பாரி இருட்டில் வளர வேண்டியது. வெளிச்சம் காணாமல், பச்சை பிடிக்காமல், பட்டு நூல்போல வெளுத்து முழ உயரத்துக்கு நீண்டால்தான் அம்மன் மனம் குளிர்ந்தாள் என்பார்கள். இதை அந்த ஊரில் எந்தப் பெண்ணும் எந்தப் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தண்ணீர் நனைக்கும் என்று யார் யாருக்குச் சொல்வார்கள்? ரசலையனுக்கு மட்டும் தெரியாது. இருபது வருஷமாகக் கொடை ஊர்வலங்களுக்கு லைட்டுப் பிடித்தவன்தான்; முளைப்பாரியைப் பார்த்ததெல்லாம் கியாஸ் வெளிச்சத்தில். அந்த வெளிச்சத்தில் முளையும் வெள்ளை, சாமியாடியும் வெள்ளை, கறுத்த நாயும் வெள்ளை.

மறுநாள் காலை வாடகைக்குப் போன லைட்டுகள் திரும்பி வந்தன. ஒன்றை அணைக்காமல் கையில் எடுத்துக்கொண்டு, மேல்கால் கழுவி, தண்ணீர் தெளிக்க உள்ளே போனான். சாக்கை விலக்கினான்.

ஒன்பது சட்டியிலும் மஞ்சள். ஈர்க்குச்சியை விட மெலிந்த தண்டு, உச்சியில் விரியத் தெம்பில்லாத இரண்டு இலை. ஒரு தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தான். உள்ளே தண்ணீர் தவிர ஒன்றுமில்லை.

அந்த நிறத்தை அவனுக்குத் தெரியும்.

நெஞ்சு பதறியது, கண் கலங்கியது என்றெல்லாம் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவன் கதவை உள்ளே தாழ்போட்டான். ஒரு கண்ணும் படக்கூடாது என்றாளே. ஸ்டூலை அறை நடுவில் போட்டு, லைட்டை அதன்மேல் வைத்து, சட்டிகளைச் சுற்றிலும் அடுக்கினான். முப்பது தடவை காற்றடித்தான். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலத்துக்குள் முளைகள் பதில் சொல்லிவிட்டன. லைட்டுக்குக் கிட்டே இருந்த மூன்று சட்டியில் இலை நுனி கருகியது. தூரத்தில் இருந்தவை, பின்வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிறவர்களைப் போல, கழுத்தை நீட்டி ஒரே பக்கம் சாய்ந்தன. ஒரு லைட்டு பன்னிரண்டடி அறைக்குக் காணாது என்று தெரிந்தது.

மறுநாள் பகலில் மூன்று லைட்டு. மத்தியானத்துக்குள் அறை அப்பக்காரன் அடுப்பாகிவிட்டது. சட்டி மண் வெடித்தது, ரசலையனுக்குத் தலை சுற்றியது. கதவைத் திறந்து வெளியே வந்து, சுவரோரமாக உட்கார்ந்து கொஞ்சம் வாந்தி எடுத்தான். வாயைக் கழுவிவிட்டு உள்ளே போய் ஒரு லைட்டை அணைத்தான். சுவரின் அடியில் எலி போட்டிருந்த ஓட்டையைக் கடப்பாரையால் பெரிதாக்கினான். எதிர்ச்சுவரில், உத்திரத்துக்குக் கீழே இன்னொன்று தோண்டினான். அனல் போக வழி கிடைத்தது.

இரண்டு லைட்டு, ஆனால் எங்கே? கயிறு கட்டி உத்திரத்திலிருந்து தொங்கவிட்டான். கியாஸ் லைட்டுக்கு எண்ணெய்த் தொட்டி அடியில். நேர் கீழே வைத்த சட்டியில் தொட்டியின் நிழல் வட்டமாக விழுந்தது. நிழலுக்கு வெளியே நகர்த்தினால் வெளிச்சம் கிடைத்தது. இன்னும் ஒரு முழம் நகர்த்தினால் வெளிச்சம் சோர்ந்துபோனது. கயிற்றைத் தாழ்த்தினால் கருகியது, உயர்த்தினால் சாய்ந்தது. கடைசியில் சட்டி விளிம்பிலிருந்து இரண்டு முழ உயரத்தில் நிறுத்தினான். அந்த உயரத்தில், நிழலுக்கும் சோர்வுக்கும் நடுவே, ஒரு விளக்கைச் சுற்றி நாலு சட்டிக்கு இடம் இருந்தது. ஐந்தாவதை நுழைத்தால் ஒன்று மற்றொன்றை மறைத்தது. இரண்டு விளக்குக்கு எட்டு. மூன்றாவது விளக்கு ஏற்றினால் அறை தாங்காது; அதைப் பார்த்தாயிற்று.

ஒன்பதாவது சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். எட்டில் ஒன்றை எடுத்துவிட்டு இதை வைக்கலாம், தினம் ஒன்றாக முறை மாற்றலாம். எதை எடுத்து இருட்டில் வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். முடியவில்லை. கடைசியில் கையிலிருந்ததை மண்ணெண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்து, மேலே சாக்குப் போட்டான். அதற்கும் தினம் தண்ணீர் தெளித்தான், சாக்கின் ஓரத்தைத் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ராஜபாய் இதையெல்லாம் அடுக்களையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"பகல்ல எதுக்கு லைட்டு?"

"பயறு வளருது."

"லைட்டுலயா?"

"சுவரு கறுப்பு. பாதி வெளிச்சத்த அது தின்னுருது. சுண்ணாம்பு அடிச்சா திருப்பித் தரும்" என்றான். எட்டு மாதத்தில் அவன் பேசிய மிக நீண்ட பேச்சு அது.

அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்புப் பானையும் தென்னம்மட்டைத் தூரிகையும் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தன.

அன்றைக்குத்தான் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் வியாபாரி அல்போன்ஸ் வண்டியோடு வந்து நின்றான். தங்கைக்குக் கல்யாணம், மூன்று நாளைக்கு ஆறு லைட்டும் வேண்டும் என்று முன்னமே சொல்லிவைத்திருந்தான். ரசலையன் நாலை மட்டும் எடுத்து வந்து வண்டியில் வைத்தான்.

"ஆறுன்னு பறஞ்சிட்டு நாலா? மத்தது எங்க அண்ணாச்சி?"

"வேலையில இருக்கு."

அல்போன்ஸ் வானத்தைப் பார்த்தான். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "பகல்லயா? ஏன், சூரியனுக்கு சொகமில்லியோ?"

வண்டிக்காரன் சிரித்தான். தெருவில் போன இரண்டு பேர் சிரித்தார்கள். ரசலையன் சிரிக்கவில்லை. "நாலுதான்" என்றான். லைட்டு இல்லை என்று ஒருவரிடமும் அவன் அதுவரை சொன்னதில்லை. மகள் செத்த மறுநாள்கூட ஒரு சடங்கு வீட்டுக்குக் கேட்டபடி மூன்றைக் கொடுத்து அனுப்பியவன்.

முளைகள் தேறின. மஞ்சள் போய்ப் பச்சை ஏறியது. தண்டு தடித்தது, இலை விரிந்தது, மூன்றாவது இலையும் வந்தது. சட்டிகளைக் காலையில் கால்வட்டம், மத்தியானம் கால்வட்டம் திருப்பி வைத்ததால் ஒன்றும் சாயவில்லை. தினம் விரலால் தண்டைப் பிடித்துப் பார்த்தான். கெட்டியாக இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. காலில் முள் இருக்கிற இடத்தைத் தடவிப் பார்த்து, முள் இல்லை என்று கண்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

செவ்வாய்க்கிழமை காலை சொர்ணம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். காலில் எண்ணெய்த் துணிக் கட்டு. ரசலையன் கதவைத் திறந்தான். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, இரண்டு லைட்டின் கீழ், எட்டுச் சட்டிகளும் கரும்பச்சையாக, சாண் உயரத்தில், மொத்தையாக நின்றன.

"லே, இது என்னது?"

"முளை."

"இதா முளை? ஆட்டுக்குப் போடவா வளத்த?" அவள் கம்பைக் கீழே போட்டாள். "இருட்டுல வளரணும்லே! இருட்டுல! அதுக்குல்லா சன்னலு இல்லாத அறையக் கேட்டேன்!"

"கண்ணு படப்பிடாதுன்னுதான் சொன்ன. கதவப் பூட்டித்தான் வெச்சேன்."

"வெளிச்சமும் படப்பிடாது!"

"அது நீ சொல்லல."

"அதையும் சொல்லணுமா? முட்டைக்குள்ள இருக்க குஞ்சுக்கும் தெரியுமேலே!" சொர்ணம்மாள் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "கொன்னுட்டியே பாவி! எனக்க பிள்ளையக் கொன்னுட்டியே! சாயங்காலம் நான் எதத் தூக்கிட்டுப் போயி அவ முன்ன நிக்க?"

ரசலையன் ஓட்டையிலிருந்து வந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மஞ்சளா இருந்துதுக்கா" என்றான்.

அவள் அடிப்பதை நிறுத்தவில்லை.

"விரலு வெச்சுப் பாத்தேன். தண்டுல ஒண்ணும் இல்ல, வெறும் வெள்ளம். நாளைக்கு இருக்காதுன்னு நெனச்சேன்."

சொர்ணம்மாளின் கை பாதியில் நின்றது. லீலாபாயைக் குளிப்பாட்டி வெள்ளைச் சேலை சுற்றியவள் அவள்தான். பிள்ளையின் மெலிந்த கையைத் தூக்கி ரவிக்கைக்குள் நுழைத்தவளும் அவள்தான். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவனைப் பார்க்காமல் சட்டிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக விரல் மடக்கினாள்.

"எட்டுதான் இருக்கு. ஒண்ணு எங்க?"

"அது சேரல. ரெண்டு லைட்டுக்கு எட்டுதான் கணக்கு."

"எங்கலே வெச்சிருக்க?"

பீப்பாய்க்குப் பின்னால் கைகாட்டினான். "அது செத்திருக்கும்."

அவள் தவழ்ந்து போய்ச் சாக்கை இழுத்தாள். முழ உயரத்துக்கு மேலே, பச்சை என்பதையே அறியாமல், சந்தனமும் வெண்ணெயும் கலந்த நிறத்தில், அடர்ந்து வளைந்து நின்றது முளை. சாக்கைத் தாங்கித் தாங்கி ஒரு பக்கம் படிந்திருந்தது, அவ்வளவுதான் குறை. அவள் ஊதியதில் எல்லாம் சேர்ந்து அசைந்தது.

"அம்மா, தாயே" என்றாள் சொர்ணம்மாள்.

ரசலையன் கிட்டே வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு அது மகளின் ஐப்பசி மாதத்து முகமாகவே தெரிந்தது. "இதையா கொண்டு போவ?"

"இதத்தான்."

"நேந்தது ஒம்பதுல்லா?"

சொர்ணம்மாள் யோசித்தாள். அழுது முடித்த முகத்தில் பழைய கெட்டிக்காரத்தனம் மெதுவாகத் திரும்பி வந்தது. "ஒம்பதா தந்தா ஒம்பது பிள்ளையா தரப்போறா? அவளும் ஒண்ணுதானே தரணும். ஒண்ணுக்கு ஒண்ணு. தூக்கி விடு."

தூக்கி விட்டான். போகும்போது சொன்னாள்: "மத்த எட்டையும் வீட்டுல வெச்சிராத. அவளுக்கு நேந்தது. கொளத்துல கரைச்சிரு."

"ம்."

சாயங்காலம் கொடை ஊர்வலத்துக்கு அந்த இரண்டு லைட்டும் போயின. ஒன்றை ரசலையனே பிடித்தான். பெண்கள் முளைச் சட்டிகளைத் தலையில் வைத்து வரிசையாக வந்தார்கள். சொர்ணம்மாள் கடைசியில் நொண்டிக்கொண்டு வந்தாள். அன்னக்கிளி யாரிடமோ பேசுவதுபோல உரக்கச் சொன்னாள்: "ஒம்பதுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சாளே. மிச்ச எட்டையும் கோழி கொத்திட்டோ?"

"கோழி யாரு வீட்டுக் கறிச்சட்டியில கெடந்துதுன்னு ஊருக்குத் தெரியும்ட்டி" என்றாள் சொர்ணம்மாள், கழுத்தைத் திருப்பாமல், தலைச் சட்டி அசையாமல். பதினோரு வருஷத்துக்குப் பிறகு இருவரும் பேசிய முதல் பேச்சு.

சட்டி கோயிலுக்குள் போயிற்று. பூசாரி ஒன்றும் கேட்கவில்லை. எல்லா முளையோடும் சேர்த்து அதையும் அம்மன் முன்னால் இறக்கி வைத்தார். ரசலையன் வெளியே நின்று இன்னும் முப்பது தடவை காற்றடித்தான்.

எட்டுச் சட்டிகளை அவன் குளத்தில் கரைக்கவில்லை. அறைக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி, நெருக்கம் கலைத்து, மூன்று பாத்தியில் நட்டான். மழையில் பாதி அழுகிப்போனது. மீதி படர்ந்தது. ராஜபாய் கேட்காமலே கம்பு நட்டுக் கொடுத்தாள். ஆவணியில் பெரும்பயறு கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கியது. அம்மனுக்கு நேர்ந்ததை வேதக்காரி தேங்காய் போட்டுத் துவரன் வைத்தாள் என்று தெரிந்திருந்தால் கோயில்காரர்களும் கோபித்திருப்பார்கள், சபைக்காரர்களும் கோபித்திருப்பார்கள். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குக் கோபித்தது என்று அந்த ஊர்ச் சரித்திரத்தில் ஒன்று சேர்ந்திருக்கும். தெரியவில்லை, ஆகையால் சேரவில்லை.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் பகவதியப்பன் வந்தான். கடிதம் இல்லை, தந்தி இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு ஆள் நேரே வந்து இறங்கினான். ஒற்றைச் சட்டிக்கு வந்தான் என்றாள் சொர்ணம்மாள். ஊர் முளை முழுசுக்கும் சேர்த்து வந்தான் என்றாள் அன்னக்கிளி. கையில் காசு தீர்ந்ததால் வந்தேன் என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பகல் அவன் லைட்டு அறைக்கு வந்தான். ரசலையன் வாசலில் உட்கார்ந்து ஊசியால் ஒரு லைட்டின் எண்ணெய் அடைத்த கண்ணைக் குத்திக்கொண்டிருந்தான்.

"மாமா, அம்மை எல்லாம் சொன்னா. உங்க அறையில வளந்த முளைக்குத்தான் நான் வந்தேனாம்."

"ம்."

பகவதியப்பன் லீலாபாயைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான், துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். நின்றான். ரசலையன் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்த உடம்பு. கழுத்தும் கையும் முகமும் வெந்து, தேய்த்த கரிச்சட்டிபோல மின்னின. ரசலையன் ஊசியைக் கீழே வைத்தான். எழுந்து, இரண்டு விரலால் அவன் முழங்கைக்குக் கீழே பிடித்துப் பார்த்தான்.

"கறுத்துப் போனியே, மக்கா."

"அங்க வெயிலு அப்படி, மாமா."

"நல்லது" என்றான் ரசலையன். விரலை எடுக்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, ராஜபாயைக் கூப்பிட்டு, "ஏ பிள்ளே, இவனுக்கு ஒரு எல போடு" என்றான். பிறகு உட்கார்ந்து ஊசியைத் தேடினான். கொஞ்ச நேரம் அது கண்ணில் தட்டுப்படவில்லை.